கழுத்து மூட்டு

உங்கள் மின்விசிறியில் பேரிங் போய்விட்டது, சார். தினமும் இதே அறையில் உட்காருகிறவர் என்பதால் உங்கள் காதுக்குப் பழகியிருக்கும். எனக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து அதுதான் கேட்கிறது. இப்போதைக்கு விழாது, பயப்படாதீர்கள். யாரையாவது ஏணி போடச் சொல்லி மாற்றிவிடுங்கள்.

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. நேற்று நீங்கள் விசாரணைக்காக வீட்டுக்கு வந்து என் மகனிடம் பேசிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாம் காதில் விழுந்தது. வண்டியின் கழுத்து மூட்டை அறுத்துப் பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர், உள்ளே பித்தளையே இறங்கவில்லை, வயசான அம்மா, கண்ணும் கையும் ஒத்துழைத்திருக்காது என்று சொன்னதாகச் சொன்னீர்கள். கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடலாம், வயதைப் பார்த்து மேலே ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னீர்கள். அதற்கு என் மகன் என்ன சொன்னான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"விட்டுருங்க சார், அம்மாவ ஒண்ணும் கேக்காதீங்க. பாவம். இந்த வயசுல நான்தான் அவங்கள வேலை வாங்கிட்டேன்."

உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அந்த வார்த்தை தப்பு. கவனக்குறைவாக ஒரு மூட்டைக்கூட நான் ஒட்டியதில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பே சைக்கிள் தொழிற்சாலையில் ஒட்டுப் பிரிவில் சேர்ந்தவள் நான். சைக்கிள் சட்டத்தில் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் வார்ப்பு மூட்டு ஒன்று இருக்கும். குழாயை அதற்குள் செருகி, நகராமல் இருக்கக் குறுக்கே ஒரு ஆணி அடித்து, சிவக்கச் சூடாக்கி, ஒரு பக்க விளிம்பில் பித்தளைக் கம்பியை வைப்போம். பித்தளை உருகி இடுக்குக்குள் இறங்கி, மறுபக்க விளிம்பில் முடி மாதிரி ஒரு மஞ்சள் கோடாக எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு சுற்றிலும் வந்துவிட்டால் மூட்டு நிரம்பிவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் குழாய் முறியுமே தவிர மூட்டு விடாது. கோடு வருவதற்குள் தீயை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மேற்பார்வையாளர் சுத்தியலால் தட்டினால் அது வேறு மாதிரி ஒலிக்கும், தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். என்னுடையது ஒன்றுகூட ஓரத்துக்குப் போனதில்லை. தொழிற்சாலையை மூடிய பிறகு வீட்டு முன்னறைக்கு ஷட்டர் போட்டு அதே வேலையை ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தீயால்தான். மகனைப் படிக்க வைத்ததும் அதுதான்.

அவன் கல்யாணம் முடிந்து நகரத்தின் மறுகோடிக்குக் குடி போனான். தப்பில்லை, இரண்டு பேருக்கும் வேலை அங்கே. போன் செய்வான். சாப்பிட்டியா என்பான், சாப்பிட்டேன் என்பேன். மாத்திரை போட்டியா என்பான், போட்டேன் என்பேன். வேறென்னம்மா என்பான். வேறென்ன இருக்கிறது? சரி வெச்சிடறேன் என்பான். நேரில் வந்தாலும் செருப்பைக் கழற்ற மாட்டான். வாசலில் நின்றபடியே இதையே கேட்டுவிட்டுப் போவான். ஒரு பிள்ளை தாயிடம் கேட்க வேண்டியது எல்லாவற்றையும் கேட்டுவிட்டான், குறை சொல்ல வழியில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் சின்ன லாரியில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினான். மோட்டார் சைக்கிள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். யார் வீட்டிலோ கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். இன்ஜின் சாக்கில் இருந்தது. சட்டத்தில் பாதி துரு, மீதி அதுவும் இல்லை. முன் குழாய் விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. இன்ஜினைத் தாங்கும் தகடுகள் காணோம். இருக்கைக்கு அடியில் வளைந்து போகும் பின் வளையத்தை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். அந்த வண்டியைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, உதிரி எங்கும் கிடைக்காது. என் மகன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். கிழவன் என்று அதற்குப் பெயர் வேறு வைத்திருந்தான்.

"அம்மா, கிழவனுக்கு எலும்பெல்லாம் நீதான் செஞ்சு தரணும். இந்தப் பித்தளை ஒட்டு உன்ன விட்டா யாருக்கும் வராது."

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சட்டத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போடா, பக்கத்தில் இருந்தால்தான் பொருத்திப் பார்த்துச் செய்யலாம் என்றேன். கிழவனைத் தினமும் ஒரு தடவை பார்க்காவிட்டால் தூக்கம் வராதும்மா என்று சிரித்தான். அளவுகளை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சட்டத்தை ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக்கொண்டான்.

முதலில் இன்ஜின் தாங்கும் தகடுகள். கனமான தகட்டை வெட்டி, துளை போட்டு, விளிம்பை உருட்டிக் கொடுத்தேன். வாங்கிப் போய்ப் பொருத்தினான். அச்சாக உட்கார்ந்ததாம். சூப்பர்ம்மா என்று போனில் சொன்னான். அதோடு ஆளைக் காணோம். பொருந்திவிட்ட பாகத்துக்காக யார் பஸ் ஏறி வருவார்கள்?

அடுத்தது பின் வளையம். அதில் நிஜமாகவே ஒரு தப்பு வந்தது. என் தப்பு அல்ல, அவன் எடுத்த அளவு தப்பு. கொண்டுபோனான், பொருந்தவில்லை, கொண்டுவந்தான். நான் குழாயைச் சூடாக்கி வளைவைத் திறந்து மூடுகிற வரைக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். செருப்பைக் கழற்றியிருந்தான். மறுபடி கொண்டுபோனான், மறுபடி வந்தான். அந்த ஒரு வளையத்துக்காக வந்த நாட்களில்தான் அவனுடைய மேலதிகாரி எப்படிப்பட்டவன், அவனுக்கு முதுகில் எங்கே வலிக்கிறது, எதை நினைத்துப் பயப்படுகிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வேலை மேஜைக்குக் கீழேயே துண்டை விரித்துத் தூங்கினான். நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அளவு சரியாக வந்தாலும் பாகம் சரியாக வரவில்லை. உங்களுக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன்.

இதில் சிரமம் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. சரியாகச் செய்வது எனக்குக் கைப்பழக்கம். தப்பைச் சரியான அளவில் செய்வதற்குத்தான் உயிர் போய்விடும். அதிகம் விலகினால், அம்மாவால் முடியவில்லை என்று வேறு ஆளைத் தேடிப் போவான். கொஞ்சமாக விலகினால், அவனே அரத்தால் தேய்த்துப் பொருத்திக்கொள்வான். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். ஸ்டாண்டு மாட்டும் காதுகள், பெட்ரோல் டாங்கி உட்காரும் தாங்கி, சங்கிலி மூடியின் பிடி, ஒவ்வொன்றையும் முதலில் சரியாகச் செய்து பார்ப்பேன். அப்போதுதான் எங்கே கெடுக்கலாம் என்று தெரியும். பிறகு ஒரே பக்கமாக லேசாகத் தேய்ப்பேன். வாங்கிப் போனவன் சலித்துக்கொண்டு திரும்பி வருவான்.

சலிப்பு என்றால் சாதாரணச் சலிப்பு இல்லை. என்னம்மா இது, அளவு போட்டுத்தானே கொடுத்தேன், படிச்சுப் பாத்துட்டுச் செய்ய மாட்டியா என்று கத்துவான். கேட்டுக்கொண்டு நிற்பேன். பக்கத்து லேத்துக்காரர் வேறு. ஷட்டர் வழியாகத் தலையை நீட்டி, "என்னக்கா, பையன் இன்னிக்கு வரலையா? அப்ப பிரேம் சரியா வந்துருச்சுன்னு அர்த்தம்" என்பார். நல்ல மனுஷன்தான், கிண்டல் அவருக்குச் சுபாவம். பின்னால் அவரே, அக்காவுக்கு முன்ன மாதிரி கை ஓடலை என்று தன் வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். இரும்புக் கேட் ஒட்டக் கொண்டுவருகிறவர்கள் ஒட்டின இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துப்போனார்கள். என் கையை ஊரே சந்தேகப்பட்டது. கை நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமென்றே கெடுக்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? பொறுத்துக்கொண்டேன். பிள்ளைக்காகத் தாய் எதையும் பொறுப்பாள் என்பார்கள். இந்தப் பொறுமையை யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

நடுவில் ஒரு தடவை அவனே கேட்டான், ஒட்டுவதைக் கற்றுக்கொடும்மா, சின்னச் சின்னதை நானே செய்துகொள்கிறேன், உனக்கும் சிரமம் குறையும் என்று. உனக்குப் பொறுமை கிடையாது, கண்ணைக் கெடுத்துக்கொள்வாய் என்று தட்டிவிட்டேன். கெட்டிக்காரன். கற்றுக்கொடுத்திருந்தால் கொஞ்ச நாளில் பிடித்திருப்பான்.

மருமகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அவள் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். பார்க்கிறாள் என்றுதான் வாயில் வருகிறது, இனி பார்த்தாள் என்று பழக்கிக்கொள்ள வேண்டும். குணமான பெண். அதிகம் பேச மாட்டாள், பேசினால் சிரித்துக்கொண்டே பேசுவாள். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் தாங்கியை நான் அவளுக்காகத்தான் செய்தேன். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் அளந்தேன். அந்தத் தாங்கியும் ஒரு பக்கம் பொருந்தவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அவள் மட்டும் வந்தாள்.

பையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்தாள். பல் செட்டை வாயில் மாட்டி அந்தத் தாளைக் கடிக்கச் சொல்வார்களாம். எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே நீலம் ஒட்டிக்கொள்ளும். அதை வைத்துத் தேய்த்துச் சரிசெய்வார்களாம். அதையே தாங்கிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து இறுக்கிப் பார்த்திருக்கிறாள். தாங்கியைத் திருப்பி என்னிடம் காட்டினாள். நான் தேய்த்த இடத்தில் மட்டும் நீலம் ஒட்டவில்லை. என் அரம் போன தடம் கோடு கோடாகத் தெரிந்தது.

"அத்தை, ஒவ்வொரு பார்ட்டையும் இப்படிப் பாத்தேன். எல்லாத்துலயும் ஒரே பக்கம், ஒரே அளவு. கை தப்பினா இவ்வளவு அழகா தப்பாது."

நான் தாங்கியை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"எங்க டாக்டர் ஒருத்தர் பல் செட்ட லேசா உயரமா விடச் சொல்வாரு, பேஷன்ட் திரும்பத் திரும்ப வரணும்னு. அவரு பீஸுக்காகச் செய்யறாரு. நீங்க எதுக்குச் செய்யறீங்கன்னு எனக்குத் தெரியும்."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்களே நிறுத்திடுங்க. இல்ல, அதுகூட வேணாம், எங்ககூடவே வந்துருங்க. அங்க கீழ்வீட்ல ஷட்டர் போட்ட ரூம் ஒண்ணு காலியா இருக்கு. உங்களுக்குன்னு பாத்து வெச்சிருக்கேன்."

அங்கே என்றது மலைமேல் இருக்கிற ஊரை. அவளுடைய கூடம் அங்கே ஒரு கிளை திறந்தது, அதைப் பார்த்துக்கொள்ள அவளை அனுப்பினார்கள். என் மகனும் மாற்றல் வாங்கிவிட்டான். அவன் இதை என்னிடம் சொல்லியிருக்கவில்லை. வண்டியை முடித்து அதிலேயே மலை ஏறிப் போய்க் குடியேற வேண்டும் என்பது அவன் ஆசையாம். அவள் வாயால்தான் எனக்கு எல்லாமே தெரிந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

போயிருக்கலாமே, அவள்தான் கூப்பிட்டாளே என்று உங்களுக்குத் தோன்றும். கூப்பிட்டது மருமகள், சார். மகன் கூப்பிடவில்லை. அதுவும் போகட்டும். என் அரத்தின் தடத்தை ஒருத்தி எழுத்துப் போலப் படித்துவிட்டாள், படித்துவிட்டு மன்னிக்கவும் செய்துவிட்டாள். அப்படி மன்னித்தவளின் கீழ்வீட்டில் போய் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

கடைசியாக மிச்சம் இருந்தது முன் குழாய். ஹாண்டில் திரும்புகிற இடத்துக்குக் கீழே, கழுத்து மூட்டில் அது போய்ச் சேர வேண்டும். வண்டியிலேயே முக்கியமான ஒட்டு அதுதான். அதற்காகச் சட்டத்தையே கொண்டுவந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இதோடு முடிஞ்சுதும்மா, இனிமே உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன் என்றான்.

மலைமேலிருந்து அடிக்கடி வருவாயா என்று கேட்டேன். அதைத் தவிர வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

"எங்கம்மா, அவ்வளவு தூரம். போன் பண்றேன். கிழவன் ஏதாச்சும் மக்கர் பண்ணா உன்கிட்டதானே வந்தாகணும்."

சொல்லிவிட்டு, ஒட்டு மருந்துப் புகை கண்ணை எரிக்கிறது என்று லேத்துக்காரரிடம் பேசப் போய்விட்டான்.

வண்டி மக்கர் செய்தால் வருவான். அதை அவனேதான் சொன்னான். நான் செய்ததெல்லாம் அவன் சொன்னதற்கு ஏற்பாடு செய்ததுதான்.

ஆய்வாளர் மூட்டுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, துடைக்க மறந்திருக்கிறார்கள் என்றாராம். மறக்கவில்லை. குழாயைச் சுத்தமாகத் தேய்த்துத் துடைத்த பிறகு விரலில் எண்ணெய் தொட்டு நானே உள்ளே தடவினேன். எண்ணெய் பட்ட இடத்தில் பித்தளை பிடிக்காது. மேல் விளிம்பில் கொஞ்சம், கீழ் விளிம்பில் கொஞ்சம் பித்தளையை உருக்கி விட்டேன். இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு சுற்றிலும் வந்தது. நடுவில் ஒன்றும் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் நானே சந்தேகப்பட மாட்டேன். இவ்வளவையும் கண் தெரியாத, கை நடுங்குகிற ஒருத்தி செய்ய முடியுமா என்று அந்த ஆய்வாளரைக் கேளுங்கள்.

இப்படி ஒட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓட ஓட விளிம்பில் இருக்கிற பித்தளை சோர்ந்து போகும், குழாய் மூட்டுக்குள் லேசாக அசையும், கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத்தான் நான் வைத்து அனுப்பினேன். சத்தம் வந்தால் அவன் கொண்டுவருவான், கழற்றிச் சரியாக ஒட்டிக் கொடுத்துவிடலாம். மூட்டு பிரிந்துபோக வேண்டும் என்று நினைக்கவே இல்லை. குறுக்கே ஆணி இருக்கிறதே, அது பிடித்துக்கொள்ளும்.

ஆணியைப் பற்றி நீங்களே கேட்பீர்கள் என்று பார்த்தேன். சரி, சொல்லிவிடுகிறேன். முழு ஆணி போட்டால் அசைவு வர ரொம்ப நாள் ஆகும். வருஷம்கூட ஆகலாம். என் வயதில் அத்தனை நாள் காத்திருக்க முடியுமா? அதனால் ஆணியின் தலையை மட்டும் வெட்டித் துளைக்கு மேல் வைத்து ஒட்டினேன். பார்ப்பதற்கு ஆணி மாதிரி இருக்கும்.

அவன் உள்ளே வந்து மூட்டைத் தடவிப் பார்த்தான். அவ்வளவு நாளில் முதல் தடவையாக, என்னா வேலைம்மா இது, நகை மாதிரி இருக்கு என்றான். பெயின்ட் அடித்து, இன்ஜினை மாட்டி, இரண்டு பேருமாக அதில் ஏறிப் போனார்கள். போகும்போது அவள் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். அவள் பாதம் தாங்கியில் சரியாக உட்கார்ந்திருந்தது. அதை நான் சரியாகவே திருத்திக் கொடுத்திருந்தேன்.

மலை ஏறும்போது கழுத்துக்குப் பெரிய பளு கிடையாது, வண்டியின் எடை பின்னால் சாயும். இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க மொத்த பளுவும் முன் குழாயில் வந்து விழும். அதாவது என்னிடம் திரும்பி வருகிற வழியில்தான் ஆபத்து. அதை யோசித்தாயா என்று கேட்பீர்கள். இந்த வேலை செய்கிறவள் அதை யோசிக்காமல் இருப்பாளா? யோசித்தேன். மெதுவாகத்தானே இறங்குவான் என்று நினைத்துக்கொண்டேன்.

காத்திருந்தேன். போன் வந்தது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பேன், பட்டு மாதிரி ஓடுதும்மா என்பான். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலும் வர மாட்டான், தப்பாகச் செய்தாலும் வர மாட்டான் என்றால் நான் என்னதான் செய்வது?

பிறகு ஒரு காலையில் அவன் சொன்னான், முன்பக்கம் ஏதோ கிறீச்சென்று சத்தம் வருகிறது, குழியில் இறங்கினால் ஹாண்டில் லேசாக ஆடுகிறது என்று. கொண்டுவா, பார்க்கலாம் என்றேன். வேனில் ஏற்றிக் கொண்டுவரவா, இல்லை, இங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறான், அவனிடம் காட்டவா என்று கேட்டான். வேனில் ஏற்றினால் வேன்காரன் மட்டும் வந்து இறக்கிவிட்டுப் போவான். அங்கே இருக்கிற மெக்கானிக் மூட்டைத் தட்டினாலே காலியாக ஒலிப்பது தெரிந்துவிடும். அறுத்துப் பார்ப்பான். என் ஒட்டை ஒருவன் அறுத்துப் பார்த்துச் சிரிப்பான்.

"கண்டவன் கை வைக்க வேணாம். நீயே கொண்டுவா."

"ஓட்டிட்டு வரலாமாம்மா? ஒண்ணும் ஆகாதே?"

"வரலாம்."

அப்போது அவள் போனை வாங்கினாள். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினாள் போல, குரல் தணிந்திருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"அத்தை, இது நம்ம பழைய விளையாட்டுதானே? அப்படின்னா சொல்லுங்க, நானே அவர இழுத்துட்டு வரேன். நிஜமாவே ஏதாச்சும்னா வேன்ல ஏத்திடறோம்."

சார், நான் எல்லாவற்றையும் நிதானமாகவே சொல்லி வருகிறேன். இதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு இல்லை, வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தால், நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அவளுக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும். முதல் தடவை மன்னித்த மாதிரி இதை மன்னித்திருக்க மாட்டாள். அவனிடமும் சொல்லியிருப்பாள். அதற்கப்புறம் அந்தப் போன்கூட வராது.

"விளையாட்டுதான்மா. ஒண்ணும் ஆகாது, ரெண்டு பேரும் கிளம்பி வாங்க."

சரி அத்தை, ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வருவோம் என்றாள். அவனுக்கு அரை மனசுதான் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் கண் விழித்த பிறகு சொன்னான். வேன் சொல்லலாம் என்று அவன் சொல்லச் சொல்ல, அத்தையே சொல்லிட்டாங்க, ஓட்டிட்டே போனா அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும் என்று அவள்தான் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாளாம். ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தாள் என்று அவனுக்கு இன்றைக்கும் புரியவில்லை. கேட்டுக் கேட்டு அழுகிறான். எனக்கும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

பாதி மலை இறங்கிய பிறகு ஒரு வளைவில் பிரேக் பிடித்திருக்கிறான். கழுத்து விட்டுப்போனது. அவள் அங்கேயே போய்விட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன் அன்றைக்கு. இரண்டு பேருக்கும் சமைத்து வைத்திருந்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. அதனால் கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். கை நடுங்கியது, கண் மங்கியது என்பதையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் தடவியது, ஆணித்தலையை வைத்தது, வரச் சொன்னது, எல்லாம் தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதுங்கள். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். இதனால் என்ன ஆகும் தெரியுமா என்பது போலப் பக்கத்தில் நிற்கிற காவலர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். ஆகட்டும். என் மகன் என்னைப் பாவம் என்று சொல்கிறதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. விடும்மா, வயசாச்சுன்னா அப்படித்தான் என்று ஒவ்வொரு வேளையும் எனக்கு ஆறுதல் சொல்கிறான். என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுக்கிறான், உடைந்த சாமானைத் தடவுகிற மாதிரி. அவன் அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை என்று நீங்களாவது அவனிடம் சொல்லுங்கள். மற்றதை நான் சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

மத்தியானத்துக்குள் என்னை விட்டுவிட்டால் நல்லது. அவன் தனியாக இருக்கிறான், லேத்துக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி அவனுக்குச் சரியில்லை, உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிறது. நானே குழாய் வளைத்து ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மூட்டு ஒவ்வொன்றும் முழுசாக நிரம்பியிருக்கிறது, வேண்டுமானால் அறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுச் சட்டம் மட்டும் இன்னும் உட்காரவில்லை. போன வாரம் கழற்றி மாற்றினேன், கொஞ்சம் விலகியே நிற்கிறது. இன்றைக்குக் காலையில் அவனைத் தூக்கி உட்கார வைத்துப் பார்த்தேன். பரவாயில்லம்மா, இதுவே போதும், ஒரு தடவை தெருமுனை வரைக்கும் போய்ப் பார்க்கிறேன் என்றான். அதெப்படி, பொருந்தாததைக் கொடுப்பேனா என்று மறுபடி கழற்றிவிட்டேன். எப்போம்மா முடியும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவசரத்தில் செய்கிற வேலையா இது? அவன் எங்கே போகப் போகிறான்.